எனக்காக ஓடுன ஏழு நிமிசம்

உக்காருங்க அண்ணாச்சி. அந்தச் சேர்ல வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்பிடி என் பக்கத்துல வாங்க. ஒங்க வீட்டம்மாவுக்கா? ஆஞ்சியோவா? கையில இருக்க பைலப் பாத்ததுமே நெனச்சேன். எங்க மாப்ளைய இப்பத்தான் உள்ள கொண்டுபோனாங்க. அவன் வெளிய வந்த பெறவுதான் ஒங்க வீட்டம்மா. அரை மணியோ முக்கா மணியோ ஆகும். அது வரைக்கும் அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க. பாத்தா நமக்கும் நெஞ்சு வலிச்சிரும்.

பயப்படாதீங்க, நான் சொல்லுதேன். எனக்குப் பண்ணியிருக்கு. போன மாசம், இதே கதவு, இதே ரூம்பு. நாலு நாளா இந்த வராண்டாவுலயே கெடக்கேன்லா, யாரு புதுசா வந்தாலும் எங்கிட்டத்தான் கேக்காங்க. நர்ஸம்மாவே ரெண்டு பேரை அனுப்பி வச்சாங்க, அந்த டிரைவர் அண்ணாச்சிகிட்ட கேளுங்க, வெவரமாச் சொல்லுவாருன்னு.

மொத விசயம், இது ஆப்பரேசன் கெடையாது. நெஞ்சத் தொறக்க மாட்டாங்க. மணிக்கட்டுல, இல்லைன்னா தொடை இடுக்குல, மரத்துப்போக ஒரு ஊசி. அது மட்டுந்தான் வலி. பெறவு மெலிசா ஒரு கொழாய ரத்தக்கொழா வழியா நெஞ்சு வரைக்கும் தள்ளிக்கிட்டே போவாங்க. போறது நமக்குத் தெரியாது. மயக்க மருந்து குடுக்க மாட்டாங்க, முழிச்சிக்கிட்டுத்தான் கெடக்கணும். டாக்டர் இருமச் சொன்னா இருமணும், மூச்சப் புடிக்கச் சொன்னாப் புடிக்கணும். அப்புறம் படம் தெரியறதுக்கு ஒரு மருந்து விடுவாங்க. அது எறங்கும்போது ஒடம்பு பூராவும் சூடா ஒண்ணு பரவும் பாருங்க, படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிட்டமோன்னு தோணும். போயிருக்க மாட்டோம். இதை ஒங்க வீட்டம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க, இல்லைன்னா வெக்கப்பட்டுப் பதறிருவாங்க. எனக்கு யாரும் சொல்லலை. நான் தொட்டுப் பாக்கக் கையத் தூக்கி டாக்டர்கிட்ட நல்லா ஏச்சு வாங்குனேன்.

சுகர் உண்டா அவங்களுக்கு? மாத்திரை போடுதாங்களா? இன்னைக்குக் காலைல போட்டாங்களா? அதை உள்ள சொன்னீங்களா? சொல்லலையா! எந்திரிங்க மொதல்ல. போய் நர்ஸம்மாகிட்ட மாத்திரை பேரோட சொல்லிட்டு வாங்க. போங்க, சேர நான் பாத்துக்கிடுதேன்.

எழுதிக்கிட்டாங்கள்ல? அவ்வளவுதான் சோலி. சில சுகர் மாத்திரையும் இந்த மருந்தும் சேந்தா கிட்னிக்கு ஆகாதுங்காங்க. ரத்தம் எளகுற மாத்திரை போட்டாச் சொல்லணும். முன்னால எதுக்காவது ஊசி போட்டு ஒடம்பு தடிச்சிருந்தாச் சொல்லணும். பழைய ரிப்போட்டு, பழைய இ.சி.ஜி. எதுவா இருந்தாலும் கொண்டுவந்து காட்டிறணும். டாக்டர்கிட்ட மட்டும் முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கக் கூடாது அண்ணாச்சி. நமக்குத்தான் கேடு.

உள்ள இருக்கது என் தங்கச்சி மாப்ள. பேரு கொம்பையா. பருப்பு மில்லுல லோடுமேன். நாப்பத்தஞ்சு வயசு, நூறு கிலோ மூட்டைய ஒத்தையாளாத் தூக்கிக்கிட்டு லாரியில ஏறுவான். ஒரு தலைவலி மாத்திரை முழுங்குனது கெடையாது. என் தங்கச்சி கோமதி கீழ கஞ்சி வாங்கப் போயிருக்கா, இப்ப வந்துருவா.

எனக்கு எதுக்கு ஆஞ்சியோ பண்ணுனாங்கன்னா கேக்கீங்க? அது பெரிய கூத்து. நேரம் கெடக்குல்லா, சொல்லுதேன்.

கவர்மெண்டு பஸ்ஸுல டிரைவரா எனக்கு இருவத்தேழு வருசம் சர்வீஸ். பேரு ஆறுமுகநயினார், டெப்போல நயினார்னாத்தான் தெரியும். இத்தனை வருசத்துல ஒரு ஆட்டுக்குட்டி மேல ஏத்துனது கெடையாது. வயசு அம்பது தாண்டிட்டா எங்களுக்கு அப்பப்ப ஒடம்பப் பாப்பாங்க. இந்த வருசம் புதுசா ஒரு டாக்டர் வந்து, ஓடுற மிசின்ல ஓடிக் காட்டி ரிப்போட்டு கொண்டான்னுட்டாரு. டிரெட்மில் டெஸ்டு. எனக்கு ஆடி மாசத்துல இருந்தே படியேறுனா நெஞ்சுல சுருக்கு சுருக்குன்னு ஒரு வலி. யாருகிட்டயும் மூச்சு விடலை. டெஸ்டுல மாட்டுனா ஸ்டியரிங்க விட்டு எறக்கிருவாங்க. எறக்கி, வண்டி கழுவுற எடத்துல ஓஸப் புடிச்சுக்கிட்டு நிக்க விடுவாங்க. நான் வேலை பழக்கி விட்ட பயலுவ வண்டிய நான் கழுவணும். நடக்குமா? செத்தாலும் அதுக்கு நிக்க மாட்டேன்.

அப்பத்தான் கொம்பையா சொன்னான், "மச்சான், இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? நான் போயி ஓடிட்டு வாரேன்."

அவன்தான் சொன்னான் அண்ணாச்சி. நான் கேக்கலை. ஆனா நான் மெனக்கெட்டு அவன் வீட்டுக்குப் போய், ரெண்டு மட்டம் கவலையாச் சொன்னேன், அது உண்மை.

டெப்போ டாக்டர் குடுத்த லெட்டர்ல பேரும் வயசும் மட்டுந்தான். போட்டோ கெடையாது. டெஸ்டு எடுக்க எடத்துல எங்க ரெண்டு பேரையும் யாருக்குத் தெரியும்? வயசு தெரியட்டும்னு தலையில கொஞ்சம் திருநீறத் தடவி நரையாக்கிக்கிட்டுப் போனான். நாங்க அம்புட்டு பேரும் சிரிச்சோம். கோமதிக்கு வயிறு புண்ணாப் போச்சு. நான் ரோட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடையில உக்காந்திருந்தேன்.

வெளிய வந்தான். மூஞ்சி செத்துப் போயிருக்கு. "மச்சான், ஏழு நிமிசத்துல நிறுத்திட்டாங்க. நான் இன்னும் ஓடுவேன்னேன், போதும் எறங்குன்னுட்டாங்க. டாக்டர் எதுத்தாப்புல உக்காரவச்சு நல்லாச் சொன்னாரு. ஒங்களுக்கு நெஞ்சுக் கொழாயில அடைப்பு இருக்காம். பெரிய அடைப்பா இருக்கும் போலங்காரு. நீங்க இனிமே பாரம் தூக்கக் கூடாதாம், ஓடக் கூடாதாம், ஒடனே ஆஞ்சியோ பண்ணிறணுமாம்."

நான் என்ன செஞ்சேங்கீங்க? ஏசுனேன். "ஏல, மூட்டை தூக்குறவன்னு பேரு, ஏழு நிமிசம் ஒழுங்கா ஓட முடியலையால? ராத்திரி குடிச்சியா? காலைல பரோட்டாவத் தின்னுட்டுப் போனியா? என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேல"ன்னு டீக்கடைக்காரன் பாக்க ஏசுனேன். அவன் தலையில திருநீறு வேர்வையில கரைஞ்சு நெத்தியில ஒழுகுது, தொடைக்கக்கூட இல்லை. "தப்புதான் மச்சான்"னான்.

நீங்க என்னப் பாக்க பார்வை தெரியுது. யோசிச்சுப் பாருங்க அண்ணாச்சி, அந்த நேரம் எங்க வீட்டுல ஒருத்தருக்கும் அது தோணலை. காயிதத்துல பேரு என்னுது. வயசு என்னுது. அதுல இருக்க சீக்கும் என்னுதுன்னுதான எல்லாரும் எடுத்துக்கிட்டோம். எனக்கு வேற உண்மையிலேயே வலி இருந்துச்சா, மிசின் எங்கிருந்தோ என்னக் கண்டுபிடிச்சுட்டுன்னு நானே நம்பிட்டேன். கோமதி எனக்காகச் செவ்வாக்கெழமை வெரதம் புடிச்சா. உப்பில்லாமச் சமைச்சு, டிபன் கேரியர்ல போட்டு, கொம்பையா கையில குடுத்து அனுப்புவா. அவன் வீட்டுல உப்பு போட்டுக் கருவாட்டுக் கொழம்பு தின்னுட்டு, எனக்கு உப்பில்லாத சோறு கொண்டுவருவான். சிலிண்டர நான் தொடக்கூடாது, தண்ணிக் கொடத்த நான் தொடக்கூடாது. "டாக்டர் எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்காரு மச்சான், நீங்க பாரம் தூக்கவே கூடாது"ம்பான். மில்லுல மூட்டை சொமந்துட்டு வந்து, எங்க வீட்டு மாடிக்கு அரிசிச் சிப்பத்தையும் அவனே ஏத்துவான்.

டெப்போல எறக்கிட்டாங்க. ஓஸப் புடிச்சேன். ரெண்டு மாசம் புடிச்சேன், அதை விடுங்க, அது கெடக்கு சவம்.

மறு டெஸ்டு வேணும்னு நான் எழுதிக் குடுத்தேன். அது தெரிஞ்சதும் கொம்பையா, "இந்தத் தடவை ஒங்களத் தலை குனிய விட மாட்டேன் மச்சான்"ன்னு காலைல காலைல ஸ்கூல் கிரவுண்டுல ஓட ஆரம்பிச்சான். மில்லுக்குப் போறதுக்கு முன்னால, வெறுங்காலோட. மொத வாரம் மூணு சுத்து. அப்புறம் அஞ்சு. ஒரு நாள் வந்து, "மச்சான், அஞ்சாவது சுத்துல நெஞ்ச அடைக்குது, இடது கை கனமா இருக்கு"ன்னான். நான் சொன்னேன், "மூட்டை தூக்குற ஒடம்பு, ஓடிப் பழக்கமில்லை. பழகப் பழகச் சரியாப் போகும்." அவனும் சரின்னுட்டுப் போயிட்டான். அவன் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லலை. அவன் மேலயும் தப்பு இருக்குல்லா?

மறு டெஸ்டெல்லாம் கெடையாது, நேரா ஆஞ்சியோ பண்ணி ரிப்போட்டு கொண்டுவந்தாத்தான் ஸ்டியரிங்குன்னு டெப்போல கறாராச் சொல்லிட்டாங்க. வேற வழியில்லாம இங்க வந்து படுத்தேன். என் கை நரம்பு சரிப்படலைன்னு தொடை வழியாத்தான் பண்ணுனாங்க. டாக்டர் டி.வி.யப் பாத்துக்கிட்டே, "என்ன அண்ணாச்சி, ஒங்க ரத்தக்கொழா எல்லாம் எளவட்டத்துக்கு இருக்க மாதிரி சுத்தமா இருக்கு?"ன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு கும்பிட்டேன். அப்புறம் பழைய ரிப்போட்டப் பொரட்டுனாரு. பொரட்டிட்டு, "இதுல இவ்வளவு மோசமா வந்திருக்கே. ஓடுனது நீங்கதான?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு.

"ஆமா சார்"ன்னேன்.

"சில சமயம் இந்த டெஸ்டு தப்பாவும் காட்டும்"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைய நான் புடிச்சுக்கிட்டேன் அண்ணாச்சி. கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்.

ஒங்க வீட்டம்மாவுக்குத் தொடை வழியாப் பண்ணுனா, ஆறு மணி நேரம் காலை மடக்கவே கூடாது. ஊசி குத்துன எடத்துல பாரம் வச்சிருப்பாங்க. தலையத் தூக்கி எட்டிப் பாக்கக்கூட விடாதீங்க. அந்த எடத்துல ஈரமா, சூடா எதாவது பட்டா ஒடனே நர்ஸக் கூப்பிடணும், அது ரத்தமா இருக்கும். தண்ணி நெறையக் குடுக்கலாமான்னு கேட்டுக் குடுங்க, அந்த மருந்து வெளியேறணும். இதெல்லாம் எனக்குப் பண்ணுனது யாருங்கீங்க? கொம்பையாதான். மில்லுக்கு லீவு போட்டுட்டு வந்து, பக்கத்துலயே நின்னான். படுத்த மேனிக்கே இட்லியப் பிச்சு ஊட்டுனான். டம்ளர்ல ஸ்ட்ரா போட்டு வாயில வச்சான். ஒண்ணுக்குக் கொப்பறை புடிச்சான். சுத்தமா இருக்காம்னு கேட்டதும் தேம்பித் தேம்பி அழுதான். "என் ஓட்டத்தாலதான் மச்சான் ஒங்களுக்கு இந்தக் கஷ்டம்"ன்னான்.

ஆறு மணி நேரம். காலை அசைக்க முடியாது, திரும்பிப் படுக்க முடியாது, வேற சோலி ஒண்ணுமில்லை. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. என் கொழா சுத்தம்னா, அந்தக் காயிதத்துல இருக்க கொழா யாருது? ஒண்ணாங்கிளாஸ் கணக்கு அண்ணாச்சி. எனக்கு வேர்த்துட்டு. அவன் நெத்தியத் தொடச்சு விட்டு, "வலிக்கா மச்சான்?"ங்கான். சொல்லிறணும்னுதான் வாயத் தொறந்தேன். "தண்ணி குடுல"ன்னேன்.

சொன்னா என்ன ஆகும்? அவனக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட நிறுத்தணும். ஏன் வந்தீங்க, முன்னால டெஸ்டு எடுத்திருக்கான்னு கேப்பாங்க. காயிதத்த எடுத்தா ஆள்மாறாட்டம். ஸ்டியரிங்கு மட்டுமா, வேலையே போயிரும், கேஸாயிரும். அதுவும் போக, டாக்டரே சொல்லிட்டாருல்லா, தப்பாவும் காட்டும்னு. தப்பாக் காட்டியிருந்தா? ஒண்ணுமில்லாததுக்கு நான் மாட்டிக்கிடவா?

மறு வாரம் ஸ்டியரிங்கு கெடச்சுட்டு. மொத நாளு வண்டிக்குச் சந்தனம் வச்சதே கொம்பையாதான். அன்னைக்குக் கேட்டான், "மச்சான், இனிமே ஓட வேண்டாம்லா? நிறுத்திறவா?"ன்னு. நிறுத்துன்னு சொன்னா ஏன்னு சொல்லணுமேன்னு எனக்கு ஒரு பயம். "நல்ல பழக்கந்தான மாப்ள, எதுக்கு விடணும்? அடுத்த வருசமும் டெஸ்டு வரும்லா"ன்னுட்டேன். சிரிச்சான். சரி மச்சான்னான்.

திங்கக்கெழமை காலைல கிரவுண்டுல விழுந்துட்டான். நான் டூட்டியில இருந்தேன். வாயுப் புடிப்புன்னு நெனச்சு உள்ளூருல ஊசி போட்டு, வெயிலேறுன பெறவுதான் இங்க கொண்டாந்திருக்காங்க. இன்னைக்குக் காலைல உள்ள தள்ளிக்கிட்டுப் போகும்போது கோமதி அவன் கையப் புடிச்சுக்கிட்டு, "எங்க அண்ணனுக்கே ஒண்ணுமில்லைன்னு வந்துட்டு, அவரவிட ரெண்டு மடங்கு பெலம் ஒங்களுக்கு. நீங்க பயப்படாதீங்க"ன்னா. அவன் அவளப் பாக்காம என்னையப் பாத்தான். "மச்சான், அடுத்த வருசம் ஓட நம்மளால முடியாது போலுக்கே. வேற ஆளப் பாத்துக்கிடுங்க"ன்னான். அப்பவும் என் டெஸ்டப் பத்தித்தான் பேசுதான் பாருங்க. எனக்கு அந்த எடத்துலயே செத்துரலாம்னு இருந்துச்சு.

கூப்பிடுதாங்களா? கொம்பையான்னுதான சொன்னாங்க? இருங்க அண்ணாச்சி, வந்துருதேன்.

கொஞ்சம் தண்ணி இருக்கா அண்ணாச்சி? குடுங்க.

மூணு கொழாயும் போச்சாம். டாக்டர் டி.வி.யில காட்டுனாரு. எனக்குக் காட்டும்போது நல்ல ஆத்து ஓடையாட்டம் தெரிஞ்சுச்சு. இவனுக்கு நூல் நூலா, அங்கங்க அந்து கெடக்கு. ஸ்டென்ட் வைக்க எடமில்லையாம். பைபாஸும் தாங்காதாம், நெஞ்சுல முக்காவாசி சதை செத்துட்டாம். மாத்திரை எழுதித் தாரோம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, எத்தனை நாளுன்னு கேக்காதீங்கங்காரு. நல்ல மனுசன். தோள்ல கைய வச்சுச் சொன்னாரு.

பெறவு கேட்டாரு. "மூணு மாசத்துக்கு முன்னால தெரிஞ்சிருந்தாக்கூட எதாவது பண்ணியிருக்கலாமே. இவருக்கு முன்னால ஒரு டெஸ்டுகூட எடுத்ததில்லையா? ஒரு இ.சி.ஜி.? டிரெட்மில்லு?"ன்னாரு.

இனிமே சொல்லி என்ன ஆகப் போகுது, சொல்லுங்க. அவன் பொழைக்கவா போறான்? "இல்லை சார், அவன் ஆஸ்பத்திரி வாசலையே மிதிச்சதில்லை"ன்னேன். அவரும் எழுதிக்கிட்டாரு. சம்சாரத்துகிட்ட நான் பேசட்டுமான்னாரு. வேண்டாம் சார், என் தங்கச்சிதான், பக்குவமா நானே சொல்லிக்கிடுதேன்னு வந்துட்டேன்.

அந்தா, படியேறி வாரா பாருங்க. தூக்குவாளியோட. நீங்க எந்திரிக்காதீங்க, ஒரு நிமிசம் இருங்க அண்ணாச்சி. தனியா விட்டுட்டுப் போகாதீங்க.

வா கோமதி. எதுக்கு இப்பிடி மூச்சு வாங்க ஓடியார? உக்காரு. முடிஞ்சுட்டு. இப்பத்தான் உள்ள கூப்பிட்டுச் சொன்னாங்க. ஏட்டி, எதுக்கு அழுத? நான் சொல்லுததக் கேளு. ஒண்ணுமில்லையாம். ஆமா, எனக்கு வந்த மாதிரியேதான். எல்லாம் சுத்தமா இருக்காம். மாத்திரை தாராங்களாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னுட்டாங்க. நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்? இந்தா இந்த அண்ணாச்சி இவ்வளவு நேரம் எங்கூடத்தான இருக்காரு. நம்பலைன்னா அவருகிட்ட கேளு. சொல்லுங்க அண்ணாச்சி. கேக்காள்ல, சொல்லுங்க.